எறியும் பெட்டியும் எறியலாகா அறிவும்

மனிதன் விலைகொடுத்து வாங்கும் பொருள்கள் இருவகைப்படும். பேணி வைத்துக்கொள்ளத் தக்கவை ஒருவகை. பயன்கொண்டபின் எறிந்துவிடத் தக்கவை மற்றொருவகை. நம் பாட்டனார் காலத்து வீடுகளில் முதல்வகைப் பொருள்களே மிகுதி. உண்ட வாழையிலையையும் உடைந்த மட்கலத்தையும் அன்றி வேறொன்றையும் அவர்கள் எளிதில் எறிந்தாரல்லர். கிழிந்த வேட்டி கரித்துணியாயிற்று; தேய்ந்த கொழு மீண்டும் கொல்லன் உலைக்குச் சென்றது. நம் காலத்திலோ இரண்டாம் வகை பெருகிவிட்டது. பேனாவும், கைப்பேசியின் சார்ஜரும், கொசு மட்டையும் பழுதுற்ற அன்றே குப்பையைச் சேர்கின்றன. இவற்றை எறிவதில் நமக்கு வருத்தம் தோன்றுவதில்லை. ஏனெனில் இவற்றின் உள்ளே இருப்பது யாதென நாம் அறியோம். அறியாத பொருளை இழப்பதில் துயரம் ஏது?

எறிந்துவிடுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருளைக் குறித்து இம்மலரில் சில எழுத விழைகின்றோம். ஒரு சுருள் படம் எடுத்தபின் வைத்துக்கொள்ள வேண்டாதது எனச் சென்ற நூற்றாண்டின் இறுதியில் விற்கப்பட்ட அட்டைக் காமிராவே அது. அதிலும் சிறப்பாக, அதனுள் அமைந்திருந்த பிளாஷ் என்னும் ஒளிக்கருவியைப் பற்றியே பேசப் புகுகின்றோம். கற்றவன் எந்தப் பொருளையும் அதன் உள்ளமைதி அறியாது எறிதல் தகாது என்பதும், அவ்வறிவைப் பெறுதற்கு நம் கலாசாலையிலேயே ஓர் இடம் வேண்டும் என்பதும் நம் கருத்து. அக்கருத்துக்கு இச்சிறு பெட்டியைக் காட்டிலும் சிறந்த சான்று நமக்குக் கிட்டவில்லை.

அப்பெட்டி நம் கைக்கு வந்த வரலாற்றை முதலிற் கூறுவோம். 1990-களின் பிற்பகுதியில், சோமனூரில் நம் இல்லத்துத் திருமணம் ஒன்று நிகழ்ந்தது. கொங்கு நாட்டுத் திருமணச் சடங்குகள் பல இரவிலும் விடியற்காலையிலும் நடைபெறுவன என்பதை வாசகர் அறிவர். அருமைக்காரர் அமர்ந்து சீர்களை நடத்த, இணைச்சீருக்கு மாப்பிள்ளையின் உடன்பிறந்தாள் வந்து நிற்க, பந்தலில் இரண்டொரு குழல்விளக்குகளே எரிந்துகொண்டிருந்தன. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த நம் மாமன் மகன் தம் சட்டைப்பையினின்றும் அட்டையால் மூடிய ஒரு சிறு பெட்டியை எடுத்தார். முகப்பிலிருந்த ஒரு பொத்தானை அழுத்தினார். கொசுவின் ரீங்காரம்போல மெல்லிய ஓசை ஒன்று எழுந்து வரவர உயர்ந்தது. செந்நிறச் சிறு விளக்கு ஒன்று ஒளிர்ந்தது. அடுத்த கணம் பந்தல் முழுதும் வெண்மையாய் மின்னி மறைந்தது. கூட்டத்தில் இருந்த சிறுவர் யாவரும் அவரைச் சூழ்ந்துகொண்டனர்.

27 படங்கள் முடிந்தபின் பெட்டியை ஊரிலிருந்த ஸ்டூடியோவுக்கு எடுத்துச் சென்றோம். உரிமையாளர் சுருளை மட்டும் எடுத்துக்கொண்டு, "இனி இது எதுக்கும் ஆகாதுங்க" என்று வெறும் பெட்டியை எம்மிடம் திருப்பித் தந்தார். எதற்கும் ஆகாது என்று தரப்பட்ட அப்பெட்டியே நாம் பௌதிக சாஸ்திரத்தில் பெற்ற முதல் மெய்ப்பாடமாயிற்று. அப்பாடத்தைக் கூறுமுன், இருளில் படமெடுக்க மனிதர் பட்ட பாட்டைச் சுருக்கமாக நினைவுகூர்தல் நன்று.

புகைப்படக்கலை தோன்றிய நாள்முதல் அதற்குக் கதிரவனே விளக்கு. இரவையும் வீட்டின் உட்புறத்தையும் படம்பிடிக்க வேறு ஒளி வேண்டியிருந்தது. 1860-களில் மக்னீசியம் என்னும் உலோகத்தைக் கம்பியாக்கி எரித்து, அதன் கண்கூசும் வெள்ளொளியில் படமெடுத்தனர். 1887-இல் ஜெர்மனியில் மீத்தே, கேடிக்கே என்னும் இருவர் மக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து, ஒருங்கே பற்றி எரியும் பிளாஷ் பொடியைச் செய்தனர். நியூயார்க் நகரத்து ஏழைகளின் இருண்ட குடியிருப்புகளை ஜேக்கப் ரீஸ் என்பார் இவ்வகைப் பொடியைக் கொண்டு படமெடுத்து, 1890-இல் நூலாக வெளியிட்டார். அந்நகரத்துச் செல்வர் காணாதிருந்த வறுமையை அவ்வொளி காட்டிற்று. ஆயின் பொடி கொடியது. புகையும் சாம்பலும் அறையை நிரப்பும். படமெடுக்கச் சென்ற இடத்திலேயே தீப்பற்றவும் ரீஸுக்கு நேர்ந்ததுண்டு.

1929-ஐ ஒட்டி அத்தீயைக் கண்ணாடிக்குள் அடக்கினர். உயிர்வாயு நிரம்பிய குமிழினுள் மெல்லிய அலுமினியத் தகடு மின்சாரத்தால் பற்றவைக்கப்பட்டு எரிந்தது, புகை வெளிவரவில்லை. எனினும் ஒவ்வொரு குமிழும் ஒரே முறைதான் எரியும். சூட்டோடு கழற்றி எறிந்துவிட்டுப் புதியது பொருத்த வேண்டும். 1965-இல் நான்கு குமிழ்களை ஒரு கனசதுரத்தில் அடைத்து விற்றனர். நான்கு படங்களுக்குப்பின் அதுவும் குப்பையே. ஒளிக்காகப் பொருளையே எரித்தழித்த காலம் அது.

எரியாமல் ஒளிதரும் வழியும் வேறொரு பக்கத்தில் வளர்ந்துவந்தது. 1851-இலேயே இங்கிலாந்தில் பாக்ஸ் டால்பட் என்பார், விரைந்து சுழலும் சக்கரத்தில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, இருட்டறையில் லேடன் சாடிகளில் சேமித்த மின்சாரத்தை ஒரே பொறியாகப் பாயவிட்டு, அசைவு தெரியாத படத்தை எடுத்துக் காட்டினார். 1931-இல் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹரால்ட் எட்ஜர்ட்டன் என்னும் மின்னியலார், சுழலும் மோட்டார்களின் இயக்கத்தை நின்றதுபோலக் காணும்பொருட்டு, வாயு நிரம்பிய குழாயில் மின்சாரத்தைப் பாய்ச்சி மீண்டும் மீண்டும் மின்னச் செய்யும் கருவியை அமைத்தார். அவர் வழியே மின்னணுப் பிளாஷ் புகைப்படக்காரர் கைக்கு வந்தது. முதலில் அது தோளில் சுமக்கும் பெருஞ்சுமை; பின்னர்ச் சிறுத்தது; 1975-இல் ஜப்பானியக் காமிரா ஒன்றின் உடலுக்குள்ளேயே புகுந்தது. 1986-இல் பியூஜி நிறுவனம் ஜப்பானில் எறியும் காமிராவை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் கோடாக் நிறுவனமும் அவ்வாறே செய்தது. முதலில் வந்தவை பகலொளிக்கு மட்டுமே உரியன. சில ஆண்டுகளுக்குள் அவற்றிலும் பிளாஷ் இடம்பெற்றது.

இனிப் பெட்டியைத் திறப்போம். அட்டையை உரித்து நெகிழியோட்டைப் பிரித்தால் உள்ளே காண்பவை மிகச் சில: ஒற்றை நெகிழி வில்லை, சிறு வில்லினால் இயங்கும் ஒரு மூடுதகடு, பற்சக்கரங்கள் இரண்டொன்று, ஒன்றரை வோல்ட் பாட்டரி செல் ஒன்று, விரல்நீளமுள்ள ஒரு மின்சுற்றுப் பலகை. வியப்பெல்லாம் அப்பலகையில்தான்.

ஒளிதரும் குழாய் செனான் என்னும் வாயுவால் நிரம்பியது. 1898-இல் ராம்ஸே, டிராவர்ஸ் என்னும் இருவர் கண்டறிந்த அவ்வாயுவுக்குக் கிரேக்க மொழியில் அந்நியன் என்னும் பொருள்படப் பெயரிட்டனர். அக்குழாயில் மின்சாரம் பாய்ந்தால் பகலொளியை ஒத்த வெள்ளொளி பிறக்கும். ஆனால் அதற்கு ஏறத்தாழ 300 வோல்ட் வேண்டும். கையிலிருப்பதோ ஒன்றரை வோல்ட். பத்து ரூபாய் முதலைக் கொண்டு இரண்டாயிரம் ரூபாய்ச் சரக்கு வாங்குவது எங்ஙனம்?

முதற்படி, அழுத்தத்தை உயர்த்துதல். ஒரு சுருளில் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருந்தால் அடுத்துள்ள சுருளில் மின்னழுத்தம் தோன்றும் என்பது 1831-இல் பாரடே கண்ட உண்மை. பாட்டரியின் மின்னோட்டமோ மாறாது ஒரே திசையில் செல்வது. ஆதலின் ஒரு டிரான்சிஸ்டர் அதனை வினாடிக்குப் பல ஆயிரம் முறை விட்டும் தடுத்தும் துடிக்கச் செய்கிறது. அத்துடிப்பு மின்மாற்றியின் சில சுற்றுகளே உள்ள முதற்சுருளில் ஓடி, ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுகளுள்ள இரண்டாம் சுருளில் பன்னூறு வோல்ட்டாக எழுகிறது. திருமணப் பந்தலில் நாம் கேட்ட ரீங்காரம் இம்மின்மாற்றியின் குரலே. மின்சாரம் சேரச்சேரத் துடிப்பின் விரைவு மிகும். அதனாலேயே ஓசையும் உயர்ந்து செல்கிறது.

இரண்டாம்படி, சேமித்தல். உயர்ந்த அழுத்தம் டையோடு என்னும் ஒருவழிக் கதவின்வழியே சென்று, கருநிற உருளை வடிவான ஒரு மின்தேக்கியை நிரப்புகிறது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 120 மைக்ரோபாரட். ஏழெட்டு வினாடிகளில் அது 300 வோல்ட் அளவுக்கு நிரம்புகிறது. நிரம்பியதை அறிவிக்கச் சிறு நியான் விளக்கு செந்நிறத்தில் ஒளிர்கிறது. நியானும் ஒரு வாயுவே. குறித்த அழுத்தம் வரும்வரை எரியாது, வந்தவுடன் எரியும். எனவே விளக்காகவும் அளவுகோலாகவும் அஃதொன்றே பணிசெய்கிறது.

மூன்றாம்படி, விடுவித்தல். மின்தேக்கியின் இரு முனைகளும் எப்பொழுதும் செனான் குழாயின் இரு முனைகளோடு இணைந்தே உள்ளன. அங்ஙனமாயின் மின்சாரம் உடனே பாயாதது ஏன்? செனான் வாயு இயல்பில் மின்சாரத்தைக் கடத்தாது. 300 வோல்ட் வாயிலில் நின்று தள்ளினும் கதவு திறவாது. அக்கதவைத் திறக்க வேறொரு திறவுகோல் வேண்டும். படமெடுக்கும் பொத்தானை அழுத்துங்கால் மூடுதகடு விலகி முழுதும் திறந்த நிலையை அடைகிறது. அப்பொழுது அது ஒரு செப்புத் தகட்டைத் தொட்டு மின்னிணைப்பை உண்டாக்குகிறது. உடனே மிகச் சிறிய மற்றொரு மின்தேக்கியின் மின்சாரம் ஒரு தூண்டுசுருளில் பாய்ந்து ஏறத்தாழ 4,000 வோல்ட்டாகப் பெருகி, குழாயின் வெளிப்புறத்தைத் தழுவியுள்ள உலோகப் பாகத்தில் தாக்குகிறது. உள்ளிருக்கும் வாயுவின் அணுக்கள் சிதறி மின்னூட்டம் பெறுகின்றன, செனான் கடத்தியாகிறது, காத்திருந்த மின்சாரம் அனைத்தும் ஒருங்கே பாய்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியளவில் யாவும் முடிந்துவிடும். மூடுதகடு நூற்றில் ஒரு பங்கு வினாடியளவு திறந்திருப்பினும், இருட்டில் படத்தை எழுதுவது அச்சிறு மின்னலே.

கணக்கிட்டுப் பார்ப்பின் வியப்பு இன்னும் மிகும். மின்தேக்கியில் சேர்ந்த ஆற்றல் ஏறத்தாழ 5.4 ஜூல். ஒரு கிலோ எடையை முழங்கால் உயரத்துக்குத் தூக்க வேண்டிய அளவே அது. ஆனால் அதனை ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியில் செலவிட்டால் திறன் 5,400 வாட் ஆகும். நம் சோமனூர்த் தறிக்குடோன்களில் ஓடும் ஒரு குதிரைத்திறன் மோட்டார்கள் ஏழு ஒருங்கே இழுக்கும் திறனுக்கு இது நிகர். சட்டைப்பையில் அடங்கும் பெட்டி, விரலளவு செல் ஒன்றைக் கொண்டு, ஒரு கணத்துக்கேனும் ஏழு மோட்டார்களின் திறனை எட்டுகிறது. சிறுதுளி பெருவெள்ளம் என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான விளக்கம் பௌதிகத்தில் உண்டோ? ஆற்றல் பெருகவில்லை என்பதையும் மாணாக்கர் கவனிக்க வேண்டும். நெடிது சேர்த்ததைக் குறுகிய காலத்தில் கொடுத்தது, அவ்வளவே.

இக்கருவியின் குறைகளும் அதன் இயல்பிலேயே உள்ளன. ஒளி செல்லச் செல்லப் பரந்து மெலியும். தொலைவு மும்மடங்காயின் வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்காகும். ஆதலின் மூன்று மீட்டருக்குள் நின்றோர் தெளிவாக விழுந்தனர். அப்பால் நின்றோர் இருளில் மூழ்கினர். நம் இல்லத் திருமணப் படங்களில் மணமக்கள் முகங்கள் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்தும், பின்வரிசைப் பெரியோர் கரிய நிழலாகவும் தோன்றுவது இதனாலேயே. பிளாஷ் வில்லைக்கு மிக அருகில் இருந்தமையின், கண்ணின் உட்புறத்துக் குருதிநிறம் எதிரொளித்துக் கண்கள் சிவந்து காணப்பட்டன. இவற்றை யாமறிந்தது படங்கள் வந்த நெடுநாட்களுக்குப் பின்னரே. முன்னரே அறிந்திருப்பின் நம் பாட்டியாரை முன்வரிசையில் நிறுத்தியிருப்போம். இன்று அவர் உருவம் அப்படத்தில் ஒரு நிழலாக மட்டுமே உளது.

இனி நமக்கு நேர்ந்த இடுக்கணைக் கூறுவோம். அப்பொழுது நாம் இக்கலாசாலையில் முதலாண்டு மாணவர். விடுமுறையில் வெறும் பெட்டியைத் தறிக்குடோனுக்கு எடுத்துச் சென்று திறந்தோம். மின்சாரம் ஆபத்து என்பதை அறிந்திருந்தமையால் பாட்டரியை முன்னதாகவே கழற்றி வைத்தோம். பாட்டரி இல்லையெனின் மின்சாரமும் இல்லையென்பது நம் எண்ணம். பலகையைக் கையில் எடுத்து, கருநிற உருளையின் அடிப்புறத்தை விரல்களால் பற்றினோம். ஓர் ஓசை, ஒரு பொறி, கை தோள்வரை அதிர்ந்தது, பெட்டி எங்கோ விழுந்தது. இரு விரல்களிலும் கரிந்த புள்ளிகள் பல நாள் இருந்தன. தேர்வில் மின்தேக்கியைப் பற்றி எழுதி நல்ல மதிப்பெண் பெற்று ஒரு திங்கள்கூட ஆகவில்லை!

பள்ளிப்படிப்பைப் பாதியில் நிறுத்திய தறி பிட்டர் ஒருவர் அங்கு இருந்தார். அவர் ஓடிவந்து பார்த்துவிட்டுக் கூறியது இன்றும் நம் செவியில் உள்ளது: "ஏங்கண்ணு, வாய்க்கால அடச்சுப்புட்டா போதுமா? தொட்டியில நின்ன தண்ணி வடியோணுமல்ல?" பின்னர் 15 வாட் பல்பு ஒன்றை எடுத்து, உறையிட்ட கம்பிகளால் உருளையின் இரு முனைகளோடு இணைத்தார். பல்பு ஒருமுறை மினுக்கி அணைந்தது. "இப்ப தொடு" என்றார். மின்தேக்கி என்பது யாதென்பதை அவ்வொரு மினுக்கில் கற்றோம். நூலில் நாம் கற்றது பொய்யன்று. ஆயின் நூலுக்கும் கைக்கும் இடையே பாலம் இல்லை. அப்பாலம் அந்தப் பிட்டரிடம் இருந்தது; அவரிடம் நூல் இல்லை. இவ்விருவரையும் ஓரிடத்தில் அமர்த்தாத கல்வியே நம்முடைய பெருங்குறை என்று அன்று தோன்றியது. இன்றும் அவ்வெண்ணம் மாறவில்லை.

எறியும் காமிரா என்னும் பெயரும் பெரும்பகுதி பொய்யே. வாங்கியவர் எறிந்தார், செய்தவர் எறிந்திலர். படத்தைக் கழுவுவதற்குப் பெட்டியை முழுதாகவே ஸ்டூடியோவில் கொடுப்பது அயல்நாடுகளில் வழக்கம். ஆங்கிருந்து பெருநிறுவனங்கள் பெட்டிகளைத் திரும்பப் பெற்று, பிளாஷ் பலகையைச் சோதித்து, நல்லனவற்றை மீண்டும் புதிய பெட்டிகளில் பொருத்தின. வேறு சிலர் வெறும் பெட்டிகளைத் திரட்டி, புதிய சுருளிட்டுக் குறைந்த விலைக்கு விற்றனர். இது தம் காப்புரிமையை மீறுவதென்று பியூஜி நிறுவனம் அமெரிக்காவில் வழக்காடியது. 2001-இல் அந்நாட்டுப் பெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்நாட்டில் முதலில் விற்பனையான பெட்டியைத் திறந்து புதுச்சுருள் இடுவது பழுதுபார்த்தலே, புதிதாகச் செய்தலன்று. ஆதலின் அது குற்றமாகாது எனத் தீர்ப்பளித்தது. எறிக என்று அட்டையில் அச்சிட்டமையாலேயே ஒரு பொருள் எறியத்தக்கதாகிவிடாது என்பது இத்தீர்ப்பால் நாம் கொள்ளும் கருத்து. நம் நாட்டிலும் 2022-இல் மத்திய அரசின் நுகர்வோர் நலத்துறை பழுதுபார்க்கும் உரிமையை ஆராய ஒரு குழுவை அமைத்தது. உரிமையைச் சட்டம் தரலாம். பழுதுபார்க்கும் அறிவை யார் தருவது?

இவ்வறிவு நம் மண்ணுக்குப் புதியதன்று. சோமனூர் அடங்கிய அதே சூலூர் வட்டாரத்துக் கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-இல் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. அவர் பெற்ற பள்ளிக்கல்வி மிகக் குறைவு. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, கோயமுத்தூர் உணவுவிடுதியில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்து அவ்வண்டியை வாங்கி, அதனைப் பிரித்துப் பூட்டி யந்திரக்கலை கற்றார் என்பர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய அவர், பின்னர்ச் செய்த கருவிகளுள் காமிராவுக்குரிய தூரங்காட்டி ஒன்றும் உண்டு. 1937-இல் இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டார்களுள் ஒன்று அவர் முயற்சியில் கோயமுத்தூரில் உருவாயிற்று. அவர் மோட்டார் சைக்கிளை வாங்கி ஓட்டி மகிழ்ந்து, பழுதானபின் எறிந்திருப்பின், நம் மாவட்டத்தின் தொழில் வரலாறு வேறாகியிருக்கும்.

மாறாக, அறிவு கைநழுவிய கதையும் அருகிலேயே உண்டு. 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை உதகமண்டலத்தில் 1967 முதல் படச்சுருள்களைச் செய்தது. தூசியற்ற குளிர்ந்த நீலகிரிக் காற்று அத்தொழிலுக்கு ஏற்றது. அங்குச் செய்த 'இந்து' சுருள்கள் நாடெங்கும் சென்றன. பின்னர்த் தொழிற்சாலை கடனில் அமிழ்ந்தது. 2014-இல் மத்திய அமைச்சரவை அதனை மூட முடிவு செய்தது. அது நடந்துவந்த காலத்தில், நம் கலாசாலையிலிருந்து உதகைக்கு ஆண்டுதோறும் உல்லாசப் பயணம் சென்ற மாணாக்கர் கூட்டங்கள் மலர்த்தோட்டத்தையும் ஏரியையும் கண்டு மீண்டன. சுருளில் வெள்ளியுப்பு பூசப்படுவது எங்ஙனம் என்று கேட்டுவந்தவர் எத்துணையர்? நாமும் கேளாதவருள் ஒருவரே. இன்று கேட்க விரும்பினும் காட்டுவாரில்லை.

நம் கருத்துக்குத் தடையாகக் கூறத்தக்கவை மூன்று. இக்கருவிகள் ஆபத்தானவை, திறவாதிருத்தலே நலம் என்பது ஒன்று. ஆபத்து உண்டென்பதற்கு நம் விரல்களே சாட்சி. இதய நோயுள்ளோர்க்கு அத்தாக்கு இன்னும் பெருந்தீங்கு செய்யக்கூடும். ஆயின் அதே வகை மின்சுற்று கொசு மட்டையாகி இன்று ஏழையர் குடிசையிலும் தொங்குகிறது. குழந்தைகள் கையிலும் விளையாடுகிறது. ஆபத்து வீட்டுக்குள் வந்துவிட்டபின் அறியாமை பாதுகாப்பாகுமோ? பாட்டரியைக் கழற்றிய பின்னரும் மின்சாரம் தங்கும் என்னும் ஒரே செய்தியைக் கற்பித்திருப்பின் நம் விரல் கரிந்திராது. ஆபத்துள்ள இடத்திலேயே ஆசிரியர் வேண்டும்.

இரண்டாவது தடை, இவை பழங்கருவிகள், கைப்பேசியில் பிளாஷ் வேறுவகை என்பது. உண்மையே, கைப்பேசியில் பெரும்பாலும் எரிவது சிறு எல்.இ.டி. விளக்கு. ஆனால் மெல்லச் சேர்த்து விரைந்து விடுவித்தல் என்னும் தத்துவம் பழமையடையவில்லை. ஒழுங்கு கெட்டுத் துடிக்கும் இதயத்தை நேர்ப்படுத்த மருத்துவமனைகளில் பயன்படும் கருவி, 150 முதல் 360 ஜூல் வரையான ஆற்றலை ஒரு மின்தேக்கியில் சேர்த்து நோயாளியின் மார்பில் ஒரே கணத்தில் செலுத்துகிறது. நம் கையைச் சுட்ட அதே தத்துவம் அங்கே உயிரைக் காக்கிறது. சிறு பெட்டியில் அதனைக் கற்றவன் பெருங்கருவியின்முன் திகைத்து நில்லான்.

மூன்றாவது, பாடத்திட்டத்தில் இடமில்லை, தேர்வில் வினா வாராது என்பது. இதற்கு விடை கூறவே நாணுகிறோம். சோமனூரில் தறியின் ஓசை சிறிது மாறியவுடனே எப்பாகம் தளர்ந்ததென்று கூறும் பிட்டர்கள் எந்தத் தேர்வுக்கும் அதனைக் கற்றவரல்லர். பட்டம் பெற்ற நாம் அவர்களினும் குறைவாக அறிந்திருத்தல் பட்டத்துக்குப் பெருமையாமோ?

ஆதலின் கலாசாலைத் தலைவருக்கும் பௌதிகப் பேராசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம் செய்கிறோம். சோதனைச்சாலையின் ஒரு மூலையில் ஒரு மேசை போதும். அதற்குப் பிரித்தறி மேசை எனப் பெயரிடலாம். பழைய காமிராக்கள், வானொலிகள், கொசு மட்டைகள், மோட்டார்கள் முதலியவற்றைப் பழைய மாணவர் அனுப்புவர். எம் பெட்டியை முதலாவதாக நாமே தருகிறோம். விதிகள் சிலவே போதும். ஆசிரியர் உடனின்றி எதையும் திறத்தலாகாது. மின்கலத்தைக் கழற்றியபின் மின்தேக்கியைத் தக்க மின்தடையால் வடித்து, அளவியைக் கொண்டு சோதித்து, அழுத்தம் ஏதும் இல்லையென உறுதி செய்த பின்னரே கை வைத்தல் வேண்டும். பிரித்தவர் மின்சுற்றைத் தாமே வரைந்து காட்ட வேண்டும். இயலுமாயின் மீண்டும் பூட்டி இயக்க வேண்டும். திங்கள்தோறும் ஒருநாள், ஊர் ஸ்டூடியோக்காரர் ஒருவரையோ தறி பிட்டர் ஒருவரையோ அழைத்துவந்து, நாற்காலியிட்டு அமர்த்தி, அவர் சொல்லக் கேட்க வேண்டும். அவர் கைத்தொழில் அறிவார். நம் ஆசிரியர் காரணம் அறிவார். இருவரும் ஒரு மேசையின் இருபுறம் அமர்ந்தால் மாணாக்கர் பெறும் நன்மை சிறிதாகாது.

சகோதர மாணவர்களே, ஒரு சொல் உங்களுக்கும். எல்லாப் பொருளையும் எக்காலமும் வைத்துக்கொள்ள இயலாது. எறியவேண்டியதை எறியத்தான் வேண்டும். எறியுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். திறக்குமுன் அறிந்தவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். நம் இல்லத்துத் திருமணப் படங்கள் நிறம் மங்கிவிட்டன. அவற்றை எடுத்த பெட்டி இன்றும் எம் அலமாரியில் உள்ளது. கடந்த விடுமுறையில் அதில் புதிய செல் ஒன்றை இட்டுப் பொத்தானை அழுத்தினோம். ரீங்காரம் எழுந்தது, சற்றுத் தாமதித்துச் செந்நிற விளக்கும் ஒளிர்ந்தது. எதற்கும் ஆகாது என்று கொடுக்கப்பட்ட பெட்டி, பாடம் சொல்ல இன்னும் ஆயத்தமாகவே இருக்கிறது. மேசையை இடுவது நம் கலாசாலையின் பொறுப்பு. வந்து அமர்வது உங்கள் பொறுப்பு.